கணிப்பொறித் திரைக்கும் ஓய்வு வேண்டும்



வெயில் படும் சுவரில் ஆண்டு முழுவதும் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. புத்தாண்டு பிறந்ததும் அதைக் கழற்றிப் பாருங்கள். சுற்றியுள்ள சுவர் வெளுத்திருக்க, நாட்காட்டி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு ஒரு கட்டமாக நிற்கும். கொடியில் எப்போதும் ஒரே மடிப்பாகக் காயப்போடும் சேலையும் அப்படித்தான். மடிப்பின் மேற்பக்கம் வெளுத்துவிடும். உட்பக்கம் புதிதாகவே இருக்கும். ஒளி ஓசையின்றி வேலை செய்கிறது. அது செய்த வேலை நமக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

பழைய வீட்டுக் கணிப்பொறிகளின் திரைகளுக்கும் இதே ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க அக்காலத்து அறிஞர் செய்த எளிய ஏற்பாடுதான் “ஸ்கிரீன் சேவர்” எனப்படும் திரைக்காப்பு. அது எதற்காகத் தோன்றியது, அதை எப்படிப் பயன்படுத்தினர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கூடத்துப் பெட்டியே கணிப்பொறியின் திரை

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. அட்டாரி நிறுவனம் 1979ஆம் ஆண்டில் அட்டாரி 400, அட்டாரி 800 என்ற இரு கணிப்பொறிகளை வெளியிட்டது. 1982ஆம் ஆண்டில் காமடோர் 64 வந்தது. இவை பார்ப்பதற்குத் தடித்த தட்டச்சுப் பொறி போல இருக்கும். இவற்றுக்கெனத் தனித் திரை கிடையாது. ஒரு கம்பியின் வழியாகக் கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துவிட்டால், அதுவே கணிப்பொறியின் திரையாகிவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கணிப்பொறி பிள்ளைகளுடையது; ஆனால் திரை குடும்பத்தினுடையது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அன்று விலையுயர்ந்த பொருள். அதில் வடு விழுந்தால், மாலையில் செய்தி பார்க்க அமரும் தந்தைக்கும், நாடகம் பார்க்க அமரும் தாய்க்கும் அந்த வடுவே எதிரே நிற்கும். ஆகவே திரையைக் காப்பது கணிப்பொறி ஆர்வலரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமையாகவும் இருந்தது.

திரை எவ்வாறு தேய்கிறது?

நம் வீட்டுப் பெரியோர் “பிக்சர் டியூப்” என்று சொல்வார்களே, அதுதான் எதிர்மின் கதிர்க் குழாய். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897ஆம் ஆண்டில் இதை அமைத்துக் காட்டினார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் பின்முனையில் சூடேறும் பகுதி ஒன்று உண்டு. அதிலிருந்து மின்னணுக்கள் புறப்படுகின்றன. உயர்ந்த மின்னழுத்தம் அவற்றை முன்னோக்கி இழுக்கிறது. வண்ணப் பெட்டிகளில் இந்த அழுத்தம் 20,000 வோல்ட்டையும் தாண்டும். இவ்வாறு விரைந்து வரும் கதிர், கண்ணாடியின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள பூச்சின்மேல் மோதுகிறது. மோதிய இடம் ஒளிர்கிறது.

இந்தப் பூச்சுக்குப் பாஸ்பர் என்று பெயர். பெயர் ஒத்திருந்தாலும் இது பாஸ்பரஸ் என்ற தனிமம் அன்று. மின்னணு பட்டால் ஒளிவிடும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயர். வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகைப் பாஸ்பர் சிறு சிறு புள்ளிகளாகவோ கோடுகளாகவோ அமைந்திருக்கும்.

அட்டாரி 800 அமெரிக்கத் தொலைக்காட்சியோடு இணையும்போது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை முழுவதையும் வரைகிறது. அப்படியானால் ஒரே எழுத்து ஒரு மணி நேரம் திரையில் நின்றால், அந்த இடத்தில் கதிர் எத்தனை முறை மோதும்? கணக்கிட்டுப் பாருங்கள்: 60 × 3,600 = 2,16,000 முறை! “எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பது பழமொழி. ஒவ்வொரு மோதலிலும் பாஸ்பர் மிக மிகச் சிறிதளவு ஆற்றல் இழக்கிறது. நாள்கள் பல சென்றபின், அதிகம் ஒளிர்ந்த இடம் மற்ற இடங்களைவிட மங்கிவிடுகிறது. பெட்டியை அணைத்த பின்னும் அந்த எழுத்தின் சாயல் கண்ணாடியில் தெரியும். இதையே “எரிவடு” என்கிறோம். எரிவடு விழுந்த பின் அதை நீக்க வழியில்லை. குழாயையே மாற்ற வேண்டும்.

“தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகள் பார்க்கிறோமே, அப்போது ஏன் வடு விழவில்லை?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நிகழ்ச்சிகளில் படம் ஓயாமல் மாறுகிறது. தேய்மானம் திரை முழுவதற்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. கணிப்பொறியிலோ எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன. காமடோர் 64 கணிப்பொறியை இயக்கியதும் “ரெடி” என்ற சொல் நாள்தோறும் அதே இடத்தில்தான் தோன்றும். விளையாட்டுகளில் மதிப்பெண் வரி மேலே நின்றுகொண்டே இருக்கும். 1980இல் வெளிவந்த பேக்-மேன் என்ற விளையாட்டு, கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் ஓடியது. இரவு பகலாக ஓடிய அப்பெட்டிகளில் பலவற்றின் கண்ணாடியில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் நீலச் சந்துகள் கோட்டோவியம் போலத் தெரியும்.

அட்டாரி 800 செய்த முன்னேற்பாடு

அட்டாரி நிறுவனம் கடைகளில் வைக்கும் விளையாட்டுப் பெட்டிகளைச் செய்து பெயர் பெற்றது. எனவே எரிவடுவின் தொல்லை அதற்கு நன்கு தெரிந்திருந்தது. தன் வீட்டுக் கணிப்பொறிகளில், யாரும் கேளாமலேயே இயங்கும் திரைக்காப்பு ஒன்றை அது உள்ளேயே அமைத்துவிட்டது. வேறு நாடாவோ தட்டோ வாங்க வேண்டியதில்லை. அதற்கு “அட்ராக்ட் மோட்”, அதாவது கவரும் நிலை, என்று பெயர். ஆளில்லாத நேரத்தில் கடைப்பெட்டிகள் தாமாகவே வண்ணம் காட்டி வாடிக்கையாளரைக் கவர்ந்திழுக்கும் அல்லவா? அந்தப் பெயரே இதற்கும் வந்தது. பெயரில் கவர்ச்சி, செயலில் காவல்!

கணிப்பொறியின் நினைவகத்தை அஞ்சலகத்திலுள்ள எண்ணிட்ட பெட்டிகளின் வரிசையாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். அட்டாரியில் 77ஆம் எண்ணுள்ள பெட்டிதான் திரைக்காவலன்.

திரை 256 முறை வரையப்பட்டதும் இந்தப் பெட்டியிலுள்ள எண் ஒன்று கூடும். நொடிக்கு 60 முறை எனில், 256 முறை வரைய ஏறத்தாழ 4.27 நொடி ஆகும். யாரேனும் ஓர் எழுத்து விசையைத் தட்டினால் எண் உடனே 0 ஆகிவிடும். யாரும் தட்டாவிட்டால் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். அது 128ஐ எட்டியதும், “இங்கே ஆளில்லை” என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. 128 × 4.27 என்று பெருக்கினால் ஏறத்தாழ 546 நொடி, அதாவது 9 நிமிடத்துக்குச் சற்று அதிகம். நொடிக்கு 50 முறை திரை வரையும் ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும்.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, ஏறத்தாழ 4 நொடிக்கு ஒருமுறை திரையின் வண்ணங்கள் எல்லாம் மாறுகின்றன. நீலம் பச்சையாகும், பச்சை ஊதாவாகும். இதனால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூவகைப் பாஸ்பரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாவது, ஒளியின் அளவு குறைகிறது. அட்டாரியில் சாதாரணமாக எட்டுப் படி வெளிச்சம் உண்டு. காவல் நிலையில் கீழேயுள்ள நான்கு படிகளுக்கு மேல் அது போகாது. பளிச்சென்ற வெள்ளையே திரையில் வராது.

இதில் வியப்பு என்னவென்றால், எழுத்துகள் அப்போதும் மங்கலாகத் தெரியும். எல்லா வண்ணங்களும் ஒரே கணக்கின்படி மாறுவதால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. மேலும், உண்மையான வண்ண எண்கள் 704 முதல் 712 வரையுள்ள 9 பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. திரைக்குப் போவது மாற்றிய நகல் மட்டுமே. ஒரு விசையைத் தட்டியதும் பழைய வண்ணங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருந்த கணக்கும் இடையில் நிற்பதில்லை. இதை அறியாதவர் தொலைக்காட்சி கெட்டுவிட்டதென்று எண்ணி மெக்கானிக்கைத் தேடி ஓடக்கூடும். அறிந்தவர் இடைவெளி விசையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

தட்டும் விசையிலும் ஒரு கவனம் வேண்டும். காவலைக் கலைக்கத் தட்டும் எழுத்து, வழக்கம்போலக் கணிப்பொறிக்குள்ளும் சென்று சேரும். ஆகவே வாக்கியத்தின் நடுவில் விட்டுச் சென்றவர், இடைவெளி விசையைத் தட்டி, அந்த இடைவெளியை அழித்துவிட்டுத் தொடர்வது நல்லது.

நாமே சோதித்துப் பார்க்கலாம்

அட்டாரியின் பேசிக் மொழியில் “போக்” என்ற கட்டளை ஒரு பெட்டியில் எண்ணை வைக்கும். “பீக்” என்ற சொல் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அதைக் கொண்டு பின்வரும் மூன்று வரிகளை எழுதலாம்.

10 போக் 77,120
20 பிரிண்ட் பீக்(77)
30 கோட்டு 20

இதை ஓட்டினால் 120 என்ற எண் திரையில் வரிசையாக விழும். சில நொடிகளில் 121 ஆகும், பிறகு 122. ஏறத்தாழ அரை நிமிடத்தில் 127ஐத் தாண்டியதும் எண் சட்டென்று 254க்குத் தாவும். அதே கணத்தில் திரையின் வண்ணம் மாறும். காவலன் விழித்துக்கொண்டான் என்று பொருள். ஏதேனும் ஓர் எழுத்து விசையைத் தட்டுங்கள். எண் 0 ஆகி, வண்ணம் பழையபடி ஆகிவிடும். ஒன்பது நிமிடம் காத்திராமல் உடனே காவல் நிலைக்குப் போக வேண்டுமானால், போக் 77,128 என்று தட்டி “ரிட்டர்ன்” விசையை அழுத்தினாலே போதும்.

ஆட்டக்காரருக்கு ஓர் எச்சரிக்கை

காவலன் கவனிப்பது எழுத்து விசைகளை மட்டுமே. ஜாய்ஸ்டிக் என்னும் ஆட்டக் கோலை எவ்வளவு அசைத்தாலும் அவன் கண்ணில் படாது. எனவே ஒரு சிறுமி ஒன்பது நிமிடம் கோலைப் பிடித்து மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தாலும், “ஆளில்லை” என்று எண்ணி அவன் வண்ணங்களை மாற்றத் தொடங்கிவிடுவான்! ஆகையால் விளையாட்டு எழுதுவோர், கோல் அசையும்போதெல்லாம் போக் 77,0 என்ற கட்டளை நிறைவேறுமாறு எழுதினர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கோல் அசையும்போது மட்டும் 0 வைப்பவர் நல்ல நிரலாளர். அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஓயாமல் 0 வைத்துக்கொண்டிருப்பவர், காவலனை நிரந்தரமாக உறங்க வைத்துவிடுகிறார். ஆடியவர் சாப்பிடப் போய்விட்டால் திரை காவலின்றி எரியும்.

காமடோர் 64 கணிப்பொறியில்

காமடோர் 64 இவ்வகையில் அட்டாரியைப் போன்றதன்று. அதில் தானாக இயங்கும் காவல் இல்லை. நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு 53265ஆம் பெட்டி உதவுகிறது. அதில் 11 என்ற எண்ணை வைத்தால் எழுத்துகள் எல்லாம் மறைந்துவிடும். 27 வைத்தால் மீண்டும் தோன்றும். ஆனால் மறைந்த திரை கறுப்பாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். திரையைச் சுற்றியுள்ள கரையின் நிறம் எதுவோ, அது முழுவதும் பரவும். வழக்கமான கரை இளநீலம். ஆகவே திரை முழுவதும் இளநீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். எழுத்தின் வடு விழாது என்றாலும் குழாய்க்கு ஓய்வு கிட்டாது. முதலில் 53280ஆம் பெட்டியில் 0 வைத்துக் கரையைக் கறுப்பாக்கிவிட வேண்டும். பிறகு மறைத்தால்தான் முழு ஓய்வு.

இதைச் செய்யும் சிறு நிரலை வேலை தொடங்கும்போதே, 60000 முதலிய பெரிய வரியெண்களில் எழுதி வைப்பது வழக்கம். முதல் வரி கரையைக் கறுப்பாக்கித் திரையை மறைக்கும். இரண்டாம் வரி ஒரு விசை தட்டப்படும் வரை காத்திருக்கும். மூன்றாம் வரி திரையையும், 14 என்ற எண்ணுக்குரிய இளநீலக் கரையையும் திருப்பித் தந்து நிரலை முடித்துவைக்கும். எழுந்து செல்லும்போது “கோட்டு 60000” என்று தட்ட வேண்டும். “ரன் 60000” என்று தட்டலாகாது. ஏனெனில் “ரன்” என்ற கட்டளை, அதுவரை கணக்கிட்டு வைத்த விடைகளையெல்லாம் துடைத்துவிடும். இதனாலேயே நிரலை முன்கூட்டி எழுதி வைக்கிறோம். நடுவில் புது வரி சேர்த்தாலும் அவ்விடைகள் போய்விடும்.

நிரலின்றி வெறும் கட்டளையால் திரையை மறைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் தவிப்பவரும் உண்டு. அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடும். “ரன்-ஸ்டாப்” விசையை அழுத்திக்கொண்டு “ரீஸ்டோர்” விசையைத் தட்டினால் திரை பழையபடி வரும். எழுதிய நிரலும் அப்படியே இருக்கும்.

காமடோர் கணிப்பொறியில் திரையை மறைத்தால் இன்னொரு பயனும் உண்டு. திரையை வரையும் சில்லு, தனக்கு வேண்டிய விவரங்களை எடுப்பதற்காக அடிக்கடி மையச் செயலியை நிறுத்திவைக்கும். திரை மறைந்தால் அந்தக் குறுக்கீடு நீங்குகிறது. கணக்கும் சற்று விரைவாக முடிகிறது. ஒலிநாடாவிலிருந்து நிரலை ஏற்றும்போது காமடோர் தானாகவே திரையை மறைத்துக்கொள்வதும் குறுக்கீடின்றி நேரத்தைச் சரியாக அளப்பதற்கே.

பெயர் வந்த வரலாறு

“ஸ்கிரீன் சேவர்” என்ற பெயர், 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. கணிப்பொறிக்காக ஜான் சோச்சா என்பவர் எழுதிய நிரலோடு தொடர்புடையது. அது 1983 டிசம்பரில் சாஃப்டாக் என்ற இதழில் வெளியாயிற்று. மூன்று நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் அது திரையை இருட்டாக்கிவிடும். 1989இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு “ஆஃப்டர் டார்க்” என்ற தொகுப்பு வந்தது. அதில் சிறகு முளைத்த டோஸ்டர்கள் கூட்டமாகத் திரையில் பறந்து சென்றன. அதன்பின் காவலாக வந்தது, கண்டு மகிழும் காட்சியாகவும் ஆயிற்று.

திரைக்காப்பு எதைக் காக்காது?

பெயரில் “காப்பு” இருப்பதால் எல்லாவற்றையும் காக்கும் என்று நம்பிவிடலாகாது.

1. அது உங்கள் வேலையைக் காக்காது. மின்சாரம் நின்றால் நினைவகத்திலுள்ளது எல்லாம் அழியும். நாடாவிலோ தட்டிலோ பதிவு செய்ததே மிஞ்சும்.

2. அது மின்சாரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்தாது. திரை இருண்டாலும் தொலைக்காட்சிப் பெட்டி இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

3. அது முன்பே விழுந்த வடுவை நீக்காது. வருமுன் காப்பதே அதன் பணி.

4. வெளிச்சத்தை அளவுக்கு மீறி வைத்திருந்தால் அது முழுக் காவல் தராது. பெட்டியிலுள்ள வெளிச்சத் திருகைச் சற்றுக் குறைத்து வைப்பதே முதல் திரைக்காப்பு; அதற்கு நிரலே வேண்டாம்.

இன்று இதை ஏன் அறிய வேண்டும்?

2000ஆம் ஆண்டுக்குப் பின் தட்டைத் திரைகள் பரவின. அவற்றில் பெரும்பாலானவற்றில் மின்னணுக் கதிரும் இல்லை, பழைய வகை எரிவடுவும் இல்லை. ஆயினும் இன்று பல கைப்பேசிகளில் உள்ள ஓலெட் திரையில், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்கிறது. ஒரே படத்தை நெடுநேரம் பளிச்சென்று வைத்தால் அதிலும் வடு விழும். பாடம் பழையது, கருவிதான் புதியது.

பழைய கணிப்பொறிகளைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்கு இது இன்னும் பெரிய கவலை. பிக்சர் டியூப்கள் இப்போது பெருமளவில் செய்யப்படுவதில்லை. அன்று ஒரு குழாய் பழுதானால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். இன்று பணம் இருந்தாலும் அதே குழாய் எளிதில் கிடைக்காது. எனவே அட்டாரியின் 77ஆம் பெட்டி, தான் பிறந்த காலத்தைவிட இப்போது அதிக மதிப்புள்ள பொருளைக் காத்து நிற்கிறது.

தோழியரே, அட்டாரியை அமைத்தவர்கள் மனிதரின் மறதியை அறிந்திருந்தனர். சாப்பிட அழைத்தால் பிள்ளைகள் அப்படியே எழுந்து ஓடிவிடுவார்கள் என்பதை எதிர்பார்த்தே அந்த ஒன்பது நிமிடக் காவலை வைத்தனர். பிறர் மறப்பதை முன்னறிந்து, அதற்கான காவலையும் முன்பே செய்து வைப்பது நல்ல தொழிலின் இலக்கணம். ஆனால் நல்ல பயனாளிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இருக்கையை விட்டு எழுமுன் வேலையைப் பதிவு செய்யுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், நெடுநேரம் திரும்ப மாட்டீர்களாயின் பெட்டியை அணைத்துவிடுங்கள். இவை மூன்றையும் செய்தபின் காவலனுக்கு வேலையே இராது.